ஆணைப் பார்த்தால்தான் பெயர் தெரியும்

கரும்புத் தோகையின் அடிப்பக்கம் குத்திவைத்திருக்கும் சிறு அட்டைத்துண்டைப் பலர் பார்த்திருப்பார்கள். அதில் கருப்பாக ஒட்டியிருப்பவை கார்சிரா அந்துப்பூச்சியின் முட்டைகள். உள்ளே வளர்வது டிரைக்கோகிரம்மா குளவி. வெளியே வந்ததும் கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் தாய்ப்பூச்சி இட்ட முட்டைகளைத் தேடிப்போய், அவற்றுக்குள் தன் முட்டையை வைக்கும். புழு பொரிக்கவே பொரிக்காது.

இந்தக் குளவியின் நீளம் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆனாலும் பேரினத்தை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. நுண்ணோக்கியில் பாதத்தைப் பார்த்தால் மூன்றே கணுக்கள் இருக்கும். அகன்ற முன்னிறக்கையில் நுண்மயிர்கள் வரிசை வரிசையாக ஓடும். ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர்கள் சிலிர்த்து நிற்கும்.

இனம் பிரிப்பதில்தான் சிக்கல். 1833இல் வெஸ்ட்வுட் பெயரிட்ட இந்தப் பேரினத்தில் இன்று 200க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நெடுங்காலம் நிறத்தையும் பருமனையும் நம்பிப் பிரித்தார்கள். வெப்பநிலை மாறினால் நிறம் மாறிவிடும். பெரிய முட்டைக்குள் வளர்ந்த குளவி பெரிதாகிவிடும். ஒரு தாய் பெற்றவையே இரண்டு இனங்களாகத் தோன்றும்.

இந்த முடிச்சை அவிழ்த்ததில் பெங்களூருக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் வெவ்வேறு இனங்களை இணைசேர விட்டு, சந்ததி உண்டாகிறதா என்று சோதித்தார்கள். ஆணின் பிறப்புறுப்பு அமைப்பே நம்பத்தக்க அடையாளம் என்று 1971இல் எழுதினார்கள். இன்றும் வகைப்பாட்டாளர்கள் ஆண் குளவியைத் தெளியவைத்துக் கண்ணாடித் தகட்டில் பதித்து, அந்த உறுப்பின் மேல்தட்டு எந்த வடிவில் இருக்கிறது, எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பார்க்கிறார்கள். உடம்பே அரை மில்லிமீட்டர் என்றால் அந்த உறுப்பு எத்தனை சிறியது! பூச்சியியலில் இவ்வளவு பொறுமை கேட்கும் வேலைகள் குறைவு.

இதில் தவறினால் நட்டம் விவசாயிக்குத்தான். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு விடுவது ஜப்பானிக்கம் என்னும் இனம், இலைச்சுருட்டுப் புழுவுக்கு கைலோனிஸ் என்னும் இனம். பெயர் மாறிய அட்டை வயலுக்குப் போனால் போட்ட காசு வீண்.

ஆணை வைத்துப் பெயர் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு: சில கூட்டங்களில் ஆணே கிடையாது. வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா உடலுக்குள் குடியிருப்பதால், கருவுறாத முட்டையிலிருந்தும் பெண்ணே பிறக்கும். இவற்றில் சிலவற்றுக்குத் தேனில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்தபோது பாக்டீரியா ஒழிந்து, ஆண் குளவிகள் பிறந்தன. இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டிஎன்ஏவில் ஐடிஎஸ்-2 என்ற பகுதியைப் படித்தால், பெரும்பாலும் பெண் குளவி ஒன்றை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம்.