கடற்கரை ஓட்டக்காரர் 14,000 அடி ஏரிக்கரையில் ஓடலாமா? 5 நாள் லீவு ஏன் போதாது?

காலை ஐந்தரை மணி. வீராம்பட்டினம் கரையில் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. வலை உதறுகிறவர்களைத் தாண்டி, ஈர மணலில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். வாரத்துக்கு 40 கி.மீ., கையில் ஸ்மார்ட் வாட்ச், போன வருஷம் முடித்த அரை மாரத்தானின் மெடல் வீட்டில் தொங்குகிறது. ஓடி முடித்து போனைத் திறந்தால் ஒரு ரீல்: நீல நிற ஏரி, சுற்றிலும் பனிமலை, ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பறக்கிறார். 'அடுத்த சீசன் நாமளும் போயிடலாம்' என்று தோன்றுவது இயல்புதான். புதன் இரவு கிளம்பினால் திங்கள் காலை ஆபீஸுக்கு வந்துவிடலாம் என்று கணக்கும் போட்டாயிற்று.

அந்தக் கணக்கில்தான் சிக்கல். கடல் மட்டத்தில் பழகிய உடம்பு, மூன்றே நாளில் 14,000 அடியில் ஓடினால் என்ன ஆகும்?

மலை ஏரி ஓட்டம் எங்கே நடக்கிறது?

தார் ரோட்டை விட்டுவிட்டு மண், புல், பாறை, ஓடை என இயற்கையான பாதையில் ஓடுவதுதான் 'ட்ரெயில் ரன்னிங்'. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் இது பெரிய திருவிழா மாதிரி நடக்கிறது. இந்தியாவில் இதற்கு முக்கியமான இடங்கள் லடாக்கும் காஷ்மீரும்.

2012 முதல் லே நகரில் லடாக் மாரத்தான் நடக்கிறது. அதன் ஒரு பிரிவான 72 கி.மீ. 'கர்துங் லா சேலஞ்ச்', 5,300 மீட்டருக்கு மேல் உள்ள கணவாயைத் தாண்டி வருகிறது. 2023 பிப்ரவரி 20 அன்று பாங்காங் ஏரியின் உறைந்த பனிக்கட்டி மேலேயே 21 கி.மீ. ஓட்டம் நடந்தது. லுக்குங்கில் தொடங்கி மான் கிராமத்தில் முடிந்த அந்த ஓட்டத்தில் 75 பேர் கலந்துகொண்டனர். உயரம் 13,862 அடி. கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. பாங்காங் தண்ணீர் நம் கடல் மாதிரியே உப்புதான். ஆனாலும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். பருவநிலை மாற்றத்தால் இந்தப் பனி இல்லாமல் போகலாம் என்று எச்சரிக்கவே அந்த ஓட்டத்துக்கு 'லாஸ்ட் ரன்' என்று பெயர் வைத்தார்கள்.

காஷ்மீரின் 'கிரேட் லேக்ஸ்' பாதை இன்னொரு ரகம். சோனாமார்க் பக்கம் தொடங்கி விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் என ஏரி ஏரியாகப் போய் நாராநாக்கில் இறங்கும். சுமார் 70 கி.மீ. தூரத்தை மலையேற்றக்காரர்கள் ஒரு வாரம் நடப்பார்கள். இதன் உயரமான கணவாய் சுமார் 4,200 மீட்டர்.

'கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடியிருக்கேன், மூச்சே வாங்கலை' என்பவர்களுக்கு ஒரு தகவல்: கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர்தான். உயர நோய் பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேல். கொடைக்கானலை வைத்து லடாக்கை எடைபோட முடியாது.

மேலே போனால் ஆக்சிஜன் குறைகிறதா?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் வரும் ஆக்சிஜன் குறைகிறது. வீராம்பட்டினத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது 100 என்று வைத்துக்கொண்டால், லேயில் (3,500 மீட்டர்) சுமார் 65, பாங்காங் கரையில் சுமார் 60, கர்துங் லாவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

உடம்பு இதைச் சமாளிக்கத்தான் பார்க்கும். முதலில் மூச்சும் இதயத் துடிப்பும் வேகமாகும். அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் ரத்தத்தின் ரசாயனச் சமநிலையைச் சரிசெய்யும். அடிக்கடி சிறுநீர் வருவது அதனால்தான். ரத்தச் சிவப்பணுக்களை அதிகம் உற்பத்தி செய்யச் சொல்லும் ஹார்மோன் ஓரிரு நாளில் சுரந்துவிடும். ஆனால் புதுச் சிவப்பணுக்கள் தேவையான அளவு சேர வாரக்கணக்கில் ஆகும்.

ஓட்டக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1,500 மீட்டருக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும், உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் தோராயமாக 1 சதவீதம் குறையும். பாங்காங்கில் கால் பங்குக்கு மேல் கழிந்துவிடும். புதுச்சேரி பீச் ரோட்டில் ஓடிய வேகத்தை வாட்ச்சில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

'நான்தான் மாரத்தான் ஓடுறவனாச்சே!'

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். உடற்தகுதி உயர நோயிலிருந்து காப்பாற்றாது. ஃபிட்டாக இருப்பவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கு ஆபத்து கூடவும் செய்யலாம்.

இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்னதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962 சீனப் போர்க் காலத்தில், சமவெளியிலிருந்த ராணுவ வீரர்கள் அவசரமாக இமயமலைக்கு ஏற்றப்பட்டனர். அப்படி உயரத்தில் நோய்வாய்ப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் 1969-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. பயிற்சி பெற்ற சிப்பாய்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அசதி: இது முதல் கட்டம். 'நேத்து சரியா தூங்கலை, அதான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல், அதே உயரத்தில் ஓய்வெடுக்க வேண்டும். சரியாகும்வரை ஓர் அடிகூட மேலே ஏறக்கூடாது.

அடுத்த கட்டம் உயிருக்கு ஆபத்தானது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், இருமலில் நுரையோ ரத்தமோ வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் மூளை வீங்கியிருக்கலாம். குதிகாலை முன்விரல் தொட ஒரே கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடக்க முடியவில்லை என்றால் காலைவரை காத்திருக்காமல் அந்த இரவே கீழே இறக்கி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

'டயமாக்ஸ் போட்டுக்கிட்டா போதும்' என்பதும் பாதி உண்மைதான். அசிட்டசோலமைட் என்ற அந்த மருந்து உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். பழக வேண்டிய நாட்களே தேவையில்லை என்று ஆக்காது. சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது.

சரி, எத்தனை நாள் லீவு வேண்டும்?

பொதுவான விதி இது: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் ஒரு நாள் ஓய்வு.

விமானத்தில் லே போய் இறங்குகிறவர், சில மணி நேரத்தில் கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்குத் தாவிவிடுகிறார். அதனால் தோராயத் திட்டம் இப்படி இருக்கலாம்:

* 1, 2-ம் நாள்: லேயில் முழு ஓய்வு. ஓட்டம் கிடையாது, மதுவும் கிடையாது.
* 3, 4-ம் நாள்: ஊருக்குள் மெதுவான நடை.
* 5, 6-ம் நாள்: பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் சிறு ஓட்டம்.
* 7, 8-ம் நாள்: ஏரிக்குப் போய்த் தங்கல், ஓய்வு.
* 9-ம் நாளிலிருந்து: உடம்பு ஒத்துழைத்தால் ஓட்டம்.

போக்குவரத்தையும் சேர்த்தால் 12 நாள். லேவுக்குச் சாலையில் போகிறவர்களுக்கு ஸ்ரீநகர், கார்கில் வழி நல்லது. இரவு தங்கும் உயரம் படிப்படியாக ஏறும்.

ஊரிலேயே என்ன பயிற்சி செய்யலாம்?

வீராம்பட்டினம் மணல் சும்மா இல்லை. இளகிய மணலில் ஓட, கெட்டியான தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்கிறது ஆய்வு. கணுக்காலும் கெண்டைக்காலும் உறுதியாகும். அங்கே இல்லாதது ஏற்ற இறக்கம். குறிப்பாக, இறக்கத்தில் தொடைத் தசை படும் பாட்டை மணல் கற்றுத்தராது. அதற்குச் செஞ்சிக் கோட்டைப் படிகள் இருக்கின்றன. வார இறுதியில் போய் ஏறி இறங்கலாம்.

செங்குத்தான ஏற்றத்தில் ஓட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அனுபவசாலிகளே நடந்துதான் ஏறுகிறார்கள். செங்கழுநீர் அம்மன் ஆடித் தேர் நகர்கிற வேகம்தான் சில இடங்களில் சரியான வேகம்.

உயரம் மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம் நடந்தது. திடீரென ஆலங்கட்டி மழையும் பலத்த காற்றும் தாக்கின. பலர் டி-ஷர்ட், அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். 172 பேரில் 21 பேர் உறைகுளிரில் இறந்தனர். இறந்தவர்களில் சீனாவின் முன்னணி ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் ஒருவர். ஆடு மேய்க்கும் ஒருவர் தன் குகைக்கு அழைத்துப்போய்த் தீ மூட்டியதால் 6 பேர் பிழைத்தனர்.

அதனால் வெயில் அடித்தாலும் பையில் மழைக்கோட்டு, கதகதப்பான மேலாடை, கையுறை, ஹெட்லைட், விசில், உணவு இருக்க வேண்டும். மலையில் மதியத்துக்குப் பிறகு மேகம் திரளும். கணவாயை முற்பகலிலேயே தாண்டிவிடுவது நல்லது. தனியாகப் போகக்கூடாது.

5 நாள்தான் லீவு கிடைக்கும் என்றால்?

லடாக்கை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோ போகலாம். காட்டுப் பாதை என்றால் அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியுடன் நடக்கலாம். அது ஓட்டப் போட்டி அல்ல. ஆனால் கல்லிலும் வேரிலும் கால் வைத்துப் பழக நல்ல இடம்.

12 நாள் லீவுக்கு இப்போதே மெயில் போட்டு வைப்பதும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.