கோலப் புள்ளியும் கம்ப்யூட்டர் கட்டமும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் சங்கரன்கோவில் தெருக்களில் நடந்து பாருங்கள். வாசல் தெளித்து, கையில் கோலமாவுடன் பெண்கள் குனிந்திருப்பார்கள். எடுத்ததும் கோடு இழுக்கிறார்களா? இல்லை. முதலில் புள்ளி வைக்கிறார்கள்!

"7 புள்ளி, இடுக்குப் புள்ளி, 4 வரை" என்பது ஒரு கணக்கு. நடு வரிசையில் 7 புள்ளி. அதற்கு மேலே 6, 5, 4. கீழேயும் அப்படியே. ஆக மொத்தம் 37 புள்ளிகள். ஒரு புள்ளி விலகினாலும் கோலம் கோணிவிடும்.

இதே வேலையைக் கம்ப்யூட்டரும் செய்கிறது என்றால் நம்புவீர்களா?

திரையில் ஒரு வாசல்

வீட்டுப் படமோ, மின்சாரக் கம்பிகளின் படமோ கம்ப்யூட்டரில் வரையும்போது, வெறும் திரையில் கண்ணும் கையும் தடுமாறும். ஆகவே பின்னணியில் புள்ளிகளையோ கட்டங்களையோ காட்டுகிறார்கள். அவை வெளிறிய நிறத்தில் இருக்கும். அழுத்தமாக இருந்தால் படத்தை மறைத்துவிடும் அல்லவா? அச்சடிக்கும்போது அவற்றை விட்டுவிடவும் வழி உண்டு.

ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டியதில்லை. ஒரே ஒரு கட்டத்தை வரைந்து, தளக்கல் பதிப்பதுபோல் அதையே திரை முழுவதும் பதித்துவிடலாம்.

படத்தை நகர்த்தினால்? அங்கேதான் பள்ளிக்கூடக் கணக்கு வருகிறது. ஒரு கட்டத்தின் அகலம் 20 என்று வைத்துக்கொள்வோம். படம் 47 அளவு நகர்ந்தது. 47-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 7. கட்டங்களை 7 அளவு நகர்த்தினால் போதும்! எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

படத்தைச் சிறிதாக்கினால் புள்ளிகள் நெருங்கி, மாவு கொட்டியதுபோல் ஆகிவிடும். அப்போது ஐந்துக்கு ஒரு புள்ளியை மட்டும் காட்டுவார்கள். கை சற்றுத் தவறினாலும் கவலை இல்லை. 47-இல் வைத்த கோட்டை, அருகில் உள்ள 40-க்குக் கம்ப்யூட்டரே இழுத்துக்கொள்ளும்.

தறிக்கும் உண்டு கட்டம்

சங்கரன்கோவில் விசைத்தறி ஓடும் ஊர். நெசவுத் தொழிலுக்கும் கட்டம் புதிதல்ல. சேலையில் பூ வேலை செய்ய, முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவது வழக்கம். நெடுக்கு வரிசை பாவு நூல்; குறுக்கு வரிசை ஊடை நூல். ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால், அந்தப் பூ வரும் இடமெல்லாம் அதே தவறு வரும்!

பேராசிரியர்கள் பார்த்த கோலம்

கம்ப்யூட்டர் திரையில் கையால் படம் வரைய வழி காட்டியவர் அமெரிக்காவின் ஐவன் சதர்லாண்ட். ஆண்டு 1963.

அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1974-இல், நம் வாசல் கோலம் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஏறியது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, அவருடைய மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை அது. மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்திற்கும் விதிகள் உண்டு. அந்த விதிகளைக் கொண்டு கோலத்தை உருவாக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

கோலப் புள்ளியிலிருந்துதான் கம்ப்யூட்டர் கட்டம் பிறந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டும் ஒரே தேவைக்காகப் பிறந்தவை. வெற்றிடத்தில் கைக்கு ஒரு பிடிப்பு வேண்டும். அவ்வளவுதான்.

இன்று பல வீட்டு வாசல்களில் கோலத்தை அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அதில் எண்ணும் வேலை இல்லை. அளக்கும் வேலை இல்லை. குழந்தைக்குக் கற்க ஒன்றும் இல்லை.

"எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லும் தாய்மார்களே! 37 புள்ளிகளை நூல் பிடித்தாற்போல் வைக்கும் உங்கள் விரல்களில் இருப்பது கணக்குத்தான். நாளைக் காலையில் உங்கள் மகளையும், ஏன், மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் புள்ளியை அந்தச் சின்னக் கை வைக்கட்டும்.