மருந்தின் விலை அமையுமாறு

மருந்தின் விலை அதனை ஆக்குஞ் செலவைப் பொறுத்ததென்றே நாம் கருதுகின்றோம். ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோயைத் தீர்க்கும் சோவால்டி மாத்திரையின் வரலாறு வேறு கூறும். கிலியட் என்னும் அமெரிக்கக் கம்பெனி, அம்மருந்தைக் கண்ட பார்மாசெட் கம்பெனியை 2012-இல் ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2013-இல், மாத்திரையொன்றுக்கு 1,000 டாலராக, 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை குறித்தது. ஈது எங்ஙனம் துணியப்பட்டது? பழைய மருந்துகளின் விலை, இன்ஷூரன்ஸ் கம்பெனியார் பொறுக்கும் எல்லை, அடுத்த மருந்துக்கு இவ்விலை அடிப்படையாதல் என்பன கருதப்பட்டனவென்று 2015-இல் அமெரிக்க செனட் குழுவினர் அறிவித்தனர். அம்மருந்தே 2014-இல் எகிப்துக்கு 900 டாலருக்கு அளிக்கப்பட்டது. கொடுப்போர் ஆற்றலே விலைக்கு அளவுகோலென்பது இதனாற் பெறப்படும். இட்ட முதலை மீட்டல் முறையே; ஆயின் ஆடை வாங்குவான்போல் விலை கேட்டு விலகிச் செல்லப் பிணியாளனுக்கு இயலாதென்பதை நாம் மறத்தலாகாது.