நெகிழும் நுண்துளைப் படிகங்களும் ஊடுகதிர் ஆய்வும்

படிகம் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளத்தே தோன்றுவது அசையாக் கட்டுறுதியே. அணுக்கள் ஓர் ஒழுங்கில் அமைய, அவ்வொழுங்கே மும்முகமாக மீண்டும் மீண்டும் வருவது படிகத்தின் பொதுவிலக்கணம். ஆயின், விருந்து மூலக்கூறுகள் புகுதலானும் நீங்குதலானும் விரிந்தும் சுருங்கியும், ஒழுங்கு குலையாது நிற்கும் படிகங்கள் சில உள. இவற்றை 'மூச்சுவிடும் படிகங்கள்' என வேதியியலார் வழங்குவர். இவ்வழக்கு வெறும் அணியோ, சான்றுடைய கூற்றோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் பிணைத்து ஆக்கிய சட்டகங்களே இவற்றுட் பெரும்பாலன. இத்துறைக்கு அடிகோலிய கிட்டகாவா, ராப்சன், யாகி என்னும் மூவர்க்கும் 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அவருள் கிட்டகாவா 1998-இலேயே இச்சட்டகங்களை மூவகைப்படுத்தினார்: விருந்து நீங்கின் இடிந்து வீழ்வன, நீங்கினும் அவ்வாறே நிற்பன, நீங்கின் உருமாறி மீள்வன. மூன்றாம் வகையே நாம் கருதும் பொருள்.

கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எட்டாத இம்மாற்றத்தை அறிவிப்பது ஊடுகதிர். படிகம் அக்கதிரைக் குறித்த திசைகளிற் சிதறச்செய்யும் என்பது 1912-இல் லாவே வகுத்த வழியில் செருமனியில் மெய்ப்பிக்கப்பட்டது. பிராக் தந்தையும் மைந்தரும் அதனைக் கருவியாக்கி, 1913 முதல் அணுக்களின் இருக்கையை அளக்கலாயினர். அடுத்தடுத்த அணுத்தளங்களிற் சிதறிய அலைகளின் பாதை வேறுபாடு அலைநீளத்தின் முழுமடங்காயின் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும். தளங்களின் இடைவெளி பெருகின் கோணம் குறுகும். இடைவெளி குறுகின் கோணம் பெருகும். இதனை நம் பாடநூல்கள் 'விளிம்பு விளைவு' என்கின்றன. ஒடுங்கிய பிளவின் ஓரத்தே ஒளி வளைதற்கு அச்சொல் தகும். படிகத்தினுள் அத்தகைய விளிம்பு இன்மையின் ஈண்டு மயக்கமே தரும். நிகழ்வது ஒழுங்குற்ற சிதறலும் அலைகளின் கூட்டமுமே.

2002-இல் பிரான்சு நாட்டு வெர்சாயில் ஃபெரே குழுவினர் வெளியிட்ட மில்-53 என்னும் குரோமியச் சட்டகம் தக்க சான்றாகும். அதன் துளைகள் சாய்சதுர வடிவின. கடைவாயில்களில் இழுத்துப் பூட்டும் இரும்பு மடக்குக் கதவை நினைக. கம்பி முறியாமலே கட்டங்கள் அகன்றும் ஒடுங்கியும் வருதல் போல, இங்கும் பிணைப்புகள் அறாமலே துளைகள் வடிவு மாறுகின்றன. நீர் தங்கியபோது அலகுக்கூட்டின் பருமன் ஏறத்தாழ 1,000 கன ஆங்ஸ்ட்ராம். சூடேற்றி நீரை நீக்கின் ஏறத்தாழ 1,500. ஊடுகதிர்ப் படத்தில் முகடுகள் இடம்பெயர்ந்து இதனைக் காட்டின. விருந்து புகின் விரிதல் வேண்டும் என எண்ணுவோம். இங்கோ நீர் புகின் சுருக்கம்! நீர் மூலக்கூறுகள் துளைச்சுவருடன் பிணைந்து அதனை உள்ளிழுத்தலே காரணம்.

எனினும் இச்சான்றின் எல்லையும் அறியத்தக்கது. உருமாறுங்கால் ஒற்றைப் படிகம் பலகாலும் வெடித்துப்போதலின், தூளையே ஆய நேர்கிறது. தூளிலோ மும்முகச் செய்தியெல்லாம் ஒரு வரிசையில் மடிந்து, முகடுகள் ஒன்றன்மேலொன்று ஏறிவிடும். அன்றியும், கிடைப்பது எண்ணிறந்த கூடுகளின் சராசரி. மாற்றத்தின் இடையே விரிந்த நிலை, சுருங்கிய நிலை இரண்டன் முகடுகளும் ஒருங்கே தோன்றுமாயின், ஒவ்வொரு படிகமும் பாதி மாறியதோ, படிகங்களுட் பாதி முற்றும் மாறியனவோ என்பதனை அவற்றின் உயரங்கொண்டு மட்டும் துணிதல் இயலாது. ஒரு நூலின் இரு வேறு பாடங்கள் கிடைத்து, இடைப்பட்ட ஏடு கிடையாத நிலையை ஒப்பது இது.

ஆகவே 'மூச்சு' என்பதினும் 'நெகிழ்வு' என்பதே எமக்கு உடன்பாடு. திரெசுடன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட டியூடி-49 பற்றிய ஆய்வு இதற்கு அரண் செய்யும். 111 கெல்வின் வெப்பநிலையில் மீத்தேன் வளியின் அழுத்தத்தைக் கூட்டிச் செல்லுங்கால், ஒரு நிலையில் அச்சட்டகம் திடீரெனச் சுருங்கி, முன் ஏற்ற வளியின் ஒரு பகுதியை வெளித்தள்ளியது. வளி ஏற்றும்போதே எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் அச்சுருக்கத்தை உறுதிப்படுத்தின. அழுத்தம் மிக மிக வளியை உமிழும் மூச்சு எவ்வுயிர்க்கும் இல்லை.