அம்மாவின் உழைப்புக்கு என்ன விலை?

சாலை விபத்தில் ஒரு தாய் இறந்துவிட்டாள். "சம்பளம் வாங்காதவளுக்கு நஷ்டஈடு எதற்கு?" என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்டால்?

"சமைத்தது யார்? பிள்ளைகளை வளர்த்தது யார்?" என்று திருப்பிக் கேட்பார், பெண் வக்கீல்!

பெண் என்பதற்காக வக்கீல் தொழிலை மறுக்கக்கூடாது என்று இந்தியாவில் சட்டம் வந்தது, 1923-ல்தான். இன்றோ, விபத்து வழக்குகளையே தொழிலாகக் கொண்ட பெண்களும் உண்டு.

அவர்களுக்குக் கைகொடுப்பவை சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புகள். 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து பற்றிய வழக்கில், 34 முதல் 59 வயது வரையுள்ள இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் ரூ.3 ஆயிரம் என்று 2001-ல் கோர்ட்டு மதிப்பிட்டது. வருங்கால உயர்வையும் சேர்க்கலாம் என்று 2021-ல் கூறியது.

சாலை விபத்து வெளியூரில் நடந்தாலும், குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

பணம் தாயைத் திருப்பித் தராது. ஆனால், அவள் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகுமே!