ராக்கெட் கணக்கு ரகசியம். சங்க வேலை பகிரங்கம்!

அமெரிக்கா 2019-ல் வெளியிட்ட ஒரு டாலர் நாணயத்தின் பின்பக்கத்தில் ஒரு பெண் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அட்லஸ்-அஜெனா ராக்கெட் சீறிக் கிளம்புகிறது. அந்தப் பெண் மேரி கோல்டா ராஸ். செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர். அமெரிக்கப் பூர்வகுடிகளில் முதல் பெண் பொறியாளராக அறியப்படுபவர்.

1908-ல் ஓக்லஹோமாவில் பிறந்தார். கணக்கில் பட்டம் வாங்கி, பள்ளியில் டீச்சர் வேலை பார்த்தார். உலகப் போர் நேரத்தில், 1942-ல், கலிஃபோர்னியாவின் லாக்ஹீட் நிறுவனத்தில் சேர்ந்தார். பி-38 போர் விமானம் ஒலி வேகத்தை நெருங்கும்போது காட்டிய கோளாறுகளெல்லாம் கணக்காக இவர் மேசைக்கு வந்தன. போர் முடிந்ததும் பெண் ஊழியர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவரை மட்டும் விட மனமில்லாமல், மேலே படிக்கவைத்துப் பொறியாளராக்கினார்கள். 1952-ல் லாக்ஹீடின் 40 பொறியாளர்கள் கொண்ட ஒரு ரகசியப் பிரிவில் சேர்ந்தபோது, அந்தப் பொறியாளர்களில் இவர் ஒருவர்தான் பெண். கையில் ஒரு ஸ்லைடு ரூல், மேசையில் ஒரு ஃப்ரைடன் கணக்கு மெஷின். வேலை பல நாள் இரவு 11 மணி வரை நீளும்.

அப்படி உட்கார்ந்து எழுதிய ராக்கெட் கணக்குகளில் பெரும்பகுதி அவர் கண்மூடும்வரை வெளியே வரவில்லை. எல்லாம் ராணுவ ரகசியம். ஊரறியச் செய்தது சங்க வேலைதான். பெண் பொறியாளர் சங்கத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1973-ல் ஓய்வு பெற்ற பிறகு பெண் பிள்ளைகளையும் பழங்குடிப் பிள்ளைகளையும் பொறியியல் பக்கம் இழுப்பதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். கல்லூரிக் கணக்கு வகுப்பில் பையன்கள் ஒரு பக்கம், தான் மட்டும் இன்னொரு பக்கம் என்று உட்கார்ந்து படித்தவர் ஆயிற்றே!

எனக்கு உறுத்துவது இதுதான். இன்று பொறியாளர் சங்கம் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது? ஆண்டு விழா, பொன்னாடை, கேடயம், குரூப் போட்டோ, பிறகு விருந்து. தேர்தல் வந்தால் மட்டும் சுறுசுறுப்பு. பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கப் போவது யார் என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ‘செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்தால் போதாதா, சங்கம் எதற்கு?’ என்பவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால், வேலையை ராஸை விட ஒழுங்காகச் செய்தவர்கள் எத்தனை பேர்? அவருக்கு இரண்டுக்கும் நேரம் கிடைத்ததே!

2004-ல் வாஷிங்டனில் பழங்குடியினருக்கான தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 96. உறவுக்காரப் பெண் தைத்துக்கொடுத்த பச்சைப் பருத்தி உடையில், செரோக்கி பாணியில், ஊர்வலத்துக்கு வந்திருந்தார். 2008-ல் இறந்தபோது 4 லட்சம் டாலரை அந்த அருங்காட்சியகத்துக்கே விட்டுச்சென்றார்.

பொறியாளர்களே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பொன்னாடைச் செலவைப் பேசி முடித்ததும், பக்கத்துப் பள்ளிக்கு இந்த மாதம் யார் போகிறார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். யாரும் கை தூக்காவிட்டால், நீங்களே போய்வாருங்கள்.