உள்ளரங்கில் ஒளியின் வரவும் செலவும்

நாகபுரியில் பணியாற்றிய காலத்தில், வங்கி ஊழியர்களுக்கிடையிலான மூன்று நாள் இறகுப்பந்துப் போட்டியைப் படமெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. நம்மிடம் ஒரு கேமரா இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எதுவும் நமக்கு இருக்கவில்லை. அவ்வாண்டு ஓய்வுபெறவிருந்த தலைமைக் காசாளர் கடைசி முறையாகக் களமிறங்கினார். அவர் ஆடும் படம் ஒன்றைச் சட்டமிட்டுப் பிரிவுபசார விழாவில் வழங்குவதெனக் கிளையில் முடிவாகியிருந்தது.

முதல் நாள் 200க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தோம். இரவில் கணினியில் திறந்து பார்த்தால், ஒன்றிலேனும் அவர் முகம் தெளிவாக இல்லை. மட்டை வெண்புகையாகவும் முழங்கை நீண்ட கோடாகவும் பதிந்திருந்தன.

நம்மை ஏமாற்றியது நம் கண்ணேதான். நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி கிடைக்கிறது; சாதாரண விளையாட்டுக் கூடங்களில் சில நூறு லக்ஸ் கிடைத்தாலே பெரிது. கண் இவ்விரண்டுக்கும் ஓசையின்றித் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. கேமராவோ, வரவு குறைந்ததும் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து ஈடுகட்டுகிறது. தானியங்கி முறையில் அது தேர்ந்த நேரம் 1/60 வினாடி. அதற்குள் ஆட்டக்காரர் கையை வீசி முடித்துவிடுகிறார்.

இறகின் வேகம் எத்தகையது? 2023இல் நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் இறகை அடித்து உலக சாதனை படைத்தார். அவ்வேகத்தில் 1/1000 வினாடிக்குள்ளும் இறகு 15 சென்டிமீட்டர் கடந்துவிடும். வங்கி ஊழியர்கள் அவ்வளவு வேகமாக அடிப்பதில்லை என்பது நமக்கு ஆறுதல். ஆட்டக்காரரின் உடலைத் தெளிவாகப் பிடிக்க 1/500 வினாடி பெரும்பாலும் போதும்.

அதற்கான ஒளிக்கு எங்கே போவது? ஃபிளாஷ் ஆட்டக்காரரின் கண்ணைக் கூசச் செய்யும். போட்டிகளில் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. எஞ்சியவை இரண்டே வழிகள். கேமராவுடன் வரும் ஜூம் லென்ஸ், முழு நீளத்தில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 துளையுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையும் மலிவு, நாம் ஒரு சக ஊழியரிடம் இரவல் வாங்கினோம். மற்றது ஐஎஸ்ஓ அளவை 3200, 6400 என உயர்த்துவது. படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும், தோன்றட்டும். புள்ளிகளுக்கு நடுவிலும் முகத்தை அடையாளம் காணலாம். அசைவில் கலைந்த முகத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

இரண்டாம் நாள் காலை இவற்றையெல்லாம் செய்தும் புதுத் தொல்லை முளைத்தது. அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும், ஒன்று மஞ்சளாகவும், ஒன்று இருண்டும் வந்தன. கேமரா பழுதென்றே எண்ணினோம். அரங்கின் மின்பணியாளர்தாம் புதிரை விடுவித்தார். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. எனவே இத்தகைய விளக்குகள் வினாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. 1/100 வினாடிக்குத் திறக்கும் ஷட்டர் முழு ஏற்றத்தாழ்வையும் வாங்கிக்கொள்ளும். 1/500 வினாடிக்குத் திறப்பது அதில் ஐந்திலொரு பங்கை மட்டுமே காணும். அது உச்சமா, பள்ளமா என்பது அந்தக் கணத்தின் அதிர்ஷ்டம்.

"சாஹேப், இந்தத் தளத்துக்கு மேலே உள்ள விளக்குகள் எல்லாம் ஒரே ஃபேஸ். அந்தக் கோடியில் மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போட்டிருக்கிறோம்" என்றார் அவர். மூன்றும் ஒரே நேரத்தில் மங்குவதில்லையாதலால் அங்கே ஒளி ஓரளவு நிலையாக இருக்கும். ஒருங்கிணைப்பாளரிடம் வேண்டிக்கொண்டு, மறுநாள் நடக்கவிருந்த காசாளரின் ஆட்டத்தை அத்தளத்துக்கு மாற்றிவிட்டோம். (எதிராளியிடம் காரணம் சொல்லவில்லை.)

அந்த வசதி கிட்டாதவர்களுக்கும் இன்று வழியுண்டு. விளக்கு உச்சத்தில் ஒளிரும் கணம் வரை காத்திருந்து படமெடுக்கும் வசதியைக் கேனன் நிறுவனம் 2014இல் தன் 7டி மார்க் 2 கேமராவில் அளித்தது. இப்போது வேறு பல கேமராக்களிலும் அது இருக்கிறது. நிறத்தைச் சீராக்க, அரங்க விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து வெண்சமநிலையை அமைத்துக்கொள்ளலாம். நமக்கு உதவியது, சட்டைப்பையில் கிடந்த பணம் செலுத்தும் சீட்டின் பின்பக்கம்!

இனி, எப்போது எடுப்பது? எம்பிக் குதிப்பவர் உச்சியில் ஒரு கணம் அசைவற்று நிற்பார். அக்கணத்துக்கு 1/250 வினாடியே போதும். நம் காசாளர் குதிக்கும் வயதைக் கடந்தவர். ஆனால் அடிக்குமுன் மட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து, இடக்கையை மேலே நீட்டி, ஒரு நொடியின் சிறு பகுதி அப்படியே நிற்பது அவர் வழக்கம். அரை மணி நேரம் படமே எடுக்காமல் பார்த்திருந்தபோதுதான் அது புலப்பட்டது. தளத்தின் பின்கோட்டுக்கு வெளியே, மூலையில் அமர்ந்து அந்த நிலைக்காகக் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் ஆட்டத்தில் அவர் தோற்றார். நாம் எடுத்தவை நாற்பதுக்கும் குறைவு, தேறியது ஒன்று. நரைத்த மீசையும், வியர்வையும், மேலே நிலைத்த விழிகளும் தெளிவாக விழுந்திருந்தன.

பிரிவுபசார விழாவில் அதைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இறகைக் காணோமே" என்றார். சட்டத்துக்கு மேலே சுவரைச் சுட்டிக் காட்டினோம். அவர் மேசையை விட்டு நகர்ந்து, கையில் இல்லாத மட்டையை ஓங்கி, அந்த அடியை எப்படி அடித்தார் என்பதைக் கிளை முழுவதற்கும் ஆடிக் காட்டினார். வலையில் மாட்டியது என்பதையும் அவரே சொன்னார்.